ராக்கெட்டுக்குக் கடன் வேண்டாம், பட்டறைக்குக் கொடுங்க

"இஸ்ரோ ராக்கெட் விட்டா எல்லாரும் கை தட்டுறோம். ஆனா நம்ம பசங்க நாலு பேரு சேர்ந்து புதுசா ராக்கெட் எரிபொருள் செய்யப் போறோம்னு போய் நின்னா எந்த பேங்க்கும் பத்து பைசா தர மாட்டேங்குது. இந்த நாடு எங்கேருந்து உருப்படும்?"

இந்த வசனத்தை சமீபத்துல மூணு நாலு இடத்துல படிச்சுட்டேன். எழுதினவங்க எல்லாருமே எனக்கு வேண்டப்பட்டவங்க, அதனால பேர் வேண்டாம். :-) ஆனா எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்லை. ராக்கெட் எரிபொருள் ஆராய்ச்சிக்கு பேங்க் கடன் கொடுக்காம இருக்கறது ரொம்பச் சரி. கொடுத்தாத்தான் நாம பயப்படணும். பேங்க் மேல எனக்கும் கோபம் இருக்கு. ஆனா அது வேற இடத்துல. அந்த இடம் எங்க வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

முதல்ல ராக்கெட்டை முடிச்சுடுவோம்.

புது எரிபொருள் எதுக்கு? இருக்கறதுல என்ன குறைன்னு கேட்டா, நிறைய இருக்கு. பி.எஸ்.எல்.வி.யோட இரண்டாம் கட்டத்துலயும் எல்.வி.எம்.3-யோட நடுக் கட்டத்துலயும் ஓடுற விகாஸ் என்ஜின் ஹைட்ரசீன் குடும்பத்து எரிபொருளையும் நைட்ரஜன் டெட்ராக்சைடையும் குடிக்குது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொட்ட மாத்திரத்துல தானாப் பத்திக்கும், தீப்பொறி தேவையில்லை. அது வசதி. ஆனா ரெண்டுமே விஷம். நிரப்புறவங்க தலை முதல் கால் வரை மூடின உடுப்புக்குள்ள, தனியாக் காத்து வாங்கிக்கிட்டு வேலை பார்க்கணும். இதுக்குப் பதிலா மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் போட்டா விஷம் இல்லை, விலையும் குறைவு, இழுவையும் அதிகம். எல்.வி.எம்.3-ல அந்த நடுக் கட்டத்தை இப்படி மாத்திட்டா, நாலு டன் தூக்குற ராக்கெட் ஐந்து டன்னுக்கு மேல தூக்கும்னு இஸ்ரோவோட கணக்கு.

கேக்க சுலபமா இருக்குல்ல? மண்ணெண்ணெய்தானே, நம்ம ரேஷன் கடை சரக்கு. இந்த செமி கிரையோ என்ஜினுக்கு மத்திய அரசு 2008 டிசம்பர்ல 1,798 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்துச்சு. 2023 ஜூலையில மகேந்திரகிரியில முதல் சூடான சோதனை, அதுவும் முழு என்ஜின் இல்லை, தலைப்பகுதி மட்டும். ரெண்டாவது நொடியில டர்பைன் அழுத்தம் எகிறவும் நிறுத்திட்டாங்க. 2025 மார்ச் 28-ல மறுபடி சோதனை, இரண்டரை நொடி, வெற்றி. பதினாறு வருஷத்துக்கு இரண்டரை நொடி! நக்கல் இல்லை, இந்த வேலை அப்படி. கிரையோஜெனிக் கதையும் இதேதான். 1994-ல திட்டத்துக்கு அனுமதி, 2010 ஏப்ரல்ல முதல் முறை பறந்து தோல்வி, 2014 ஜனவரி 5-ல ஜி.எஸ்.எல்.வி. டி5 ஜெயிச்சது. இருபது வருஷம்.

தனியார்ல வேகமாத்தான் போறாங்க. சென்னை ஐ.ஐ.டி.யில முளைச்ச அக்னிகுல் 2017-ல ஆரம்பிச்சு 2024 மே 30-ல ஸ்ரீஹரிகோட்டாவுல சொந்த ஏவுதளத்துலருந்து மண்ணெண்ணெய் - திரவ ஆக்சிஜன் என்ஜினை பறக்க விட்டுட்டாங்க. மொத்த என்ஜினும் முப்பரிமாண அச்சுல ஒரே துண்டா அடிச்சது. நாலு தடவை தேதி குறிச்சு கடைசி நேரத்துல நிறுத்தி, ஐந்தாவது தடவைதான் கிளம்புச்சு. பெங்களூர் பெல்லாட்ரிக்ஸ் விஷமில்லாத பச்சை எரிபொருள்ல ஓடுற குட்டி உந்தியை 2024 ஜனவரி 1-ல பி.எஸ்.எல்.வி. சி58 கூட அனுப்பி விண்வெளியில சோதிச்சாங்க. எல்லாம் சந்தோஷம்தான். ஆனா இவங்க யாரும் பேங்க் மேனேஜர் கேபின் வாசல்ல காத்திருந்து இந்த இடத்துக்கு வரலை. அக்னிகுல் 2023 அக்டோபர்ல மட்டும் 2.67 கோடி டாலர் முதலீடா வாங்கினாங்க. அது கடன் இல்லை, பங்கு. ராக்கெட் வெடிச்சா போட்டவன் பணமும் சேர்ந்து வெடிக்கும், யாரும் வீட்டு வாசல்ல நோட்டீஸ் ஒட்ட மாட்டாங்க.

இதுல ஏன் பேங்க் வரக்கூடாதுன்னு நான் சொல்றேன்னா, அது கணக்கு. பேங்க் நம்மகிட்ட ஏழு சதவீதத்துக்கு டெபாசிட் வாங்கி பத்து பதினொண்ணுக்குக் கடன் தருதுன்னு வச்சுக்குங்க. செலவெல்லாம் போக நூறு ரூபாய்க்கு மூணு ரூபாய் நின்னா பெரிசு. நூறு ரூபாய்க் கடன் ஒண்ணு முழுசாப் போச்சுன்னா அதை ஈடுகட்ட முப்பத்துச் சொச்சம் நல்ல கடன் தேவை. முதலீட்டுக்காரனுக்கு இந்தப் பிரச்னை இல்லை. பத்துல ஒன்பது போனாலும் மிச்சம் ஒண்ணு அம்பது மடங்காத் திரும்பும். ராக்கெட் செவ்வாய்க்கே போனாலும் பேங்க்குக்குக் கிடைக்கப் போறது அதே பதினோரு ரூபாய். மேல போற லாபத்துல பங்கு கிடையாது, கீழ விழுற நஷ்டத்துல மட்டும் முழுப் பங்கு. இந்த வியாபாரத்தை எவன் செய்வான்? அதுவும் அந்தப் பணம் உங்க அப்பாவோட பி.எஃப். பணம், எங்க அம்மாவோட ஃபிக்ஸட் டெபாசிட்.

1926 மார்ச் 16-ல அமெரிக்காவுல ராபர்ட் கொடார்டு உலகத்தோட முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை விட்டார். பெட்ரோல், திரவ ஆக்சிஜன். இரண்டரை நொடி பறந்து, பன்னெண்டு மீட்டர் உயரம் போய், முட்டைக்கோஸ் தோட்டத்துல விழுந்துச்சு. (மறுபடி அதே இரண்டரை நொடி!) அவருக்குப் பணம் வந்தது ஸ்மித்சோனியன்லருந்து, அப்புறம் குகன்ஹைம் குடும்பத்துலருந்து. எல்லாம் நன்கொடை. கடன் இல்லை. விளக்கெண்ணெய் எடுக்கிற ஆமணக்கிலிருந்து திட எரிபொருளுக்கான பிணைப்பானை, 'இஸ்ரோ பாலியால்'னு, திருவனந்தபுரத்துல செஞ்சாங்களே, அதுவும் அரசுப் பணம். இப்ப விண்வெளி நிறுவனங்களுக்குன்னே 1,000 கோடி முதலீட்டு நிதிக்கு 2024 அக்டோபர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கு. 2025 ஜூலையில ஆராய்ச்சிக்கு ஒரு லட்சம் கோடி திட்டம் வேற. இந்த மாதிரிப் பணம்தான் இந்த வேலைக்கு ஏத்த பணம். பேங்க்கை விட்டுடுங்க.

அதே 1926-ல நம்ம பக்கத்து ஊர் கரூர்ல ஒண்ணு நடந்துச்சு. உள்ளூர் வியாபாரிங்க ஏழு பேரு சேர்ந்து லட்சுமி விலாஸ் பேங்க் ஆரம்பிச்சாங்க. ஜவுளிக்காரங்க, கடைக்காரங்க, விவசாயிகள் இவங்களுக்குக் கடன் கொடுக்கறதுக்கு. தொண்ணூறு வருஷம் அந்த வேலையைப் பார்த்துச்சு. கடைசிக் காலத்துல பெரிய கார்ப்பரேட் கடன் பக்கம் திரும்பினாங்க. கொடுத்த கடன்ல நாலுல ஒரு பங்கு வாராக்கடன் ஆச்சு. 2020 நவம்பர் 17-ல மத்திய அரசு தடை போட்டு, 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாதுன்னு சொன்னாங்க. பத்தே நாள்ல டி.பி.எஸ். பேங்க்கோட இணைச்சாச்சு. டெபாசிட் போட்டவங்க தப்பிச்சாங்க. பங்கு வச்சிருந்தவங்களுக்கு சைபர். கரூர்ல மூணு தலைமுறையா அந்தப் பங்கை நகை மாதிரி பீரோவுல வச்சிருந்த குடும்பங்கள் உண்டு. தனக்குத் தெரிஞ்ச கடனை விட்டுட்டு தெரியாத கடனுக்குப் போன பேங்க்கோட கதி அது. ராக்கெட்டுக்கு ஏன் தரலைன்னு கேக்கறவங்க இதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

சரி, என் கோபத்துக்கு வர்றேன்.

காட்டூர் தெரியாதவங்களுக்கு: திருச்சியிலருந்து தஞ்சாவூர் ரோட்டுல அரியமங்கலம் தாண்டினா நாங்க. அப்படியே போனா திருவெறும்பூர், அப்புறம் பெல் கம்பெனி, துப்பாக்கித் தொழிற்சாலை, துவாக்குடி. பெல் 1965-லருந்து பாய்லர் செய்யுது. அதைச் சுத்தி நூத்துக்கணக்குல சின்னப் பட்டறைகள் முளைச்சுது. டக்ட், காலம், பக்ஸ்டே, பிளாட்பாரம்னு பாய்லருக்கு வேண்டிய உருப்படி எல்லாம் இங்கதான் வெட்டி, வளைச்சு, வெல்டிங் வச்சுப் போகும். வெல்டிங்குக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் 1975-லருந்து இங்க இருக்கு. எங்க தெருவுல நீங்க கல்லை விட்டெறிஞ்சா அது ஒரு வெல்டர் மேலயோ அவரோட மச்சான் மேலயோதான் விழும். பொட்டி தட்டுற என்னை மாதிரி ஆளுங்க அப்புறமா வந்த சாதி.

2012-13க்கு அப்புறம் அனல் மின் நிலைய ஆர்டர் நாடு முழுக்கச் சுருங்கினதும் இந்தப் பட்டறைகள் அடி வாங்குச்சு. சிலது மூடிட்டாங்க. சிலர் சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலை, காத்தாலைன்னு வேற வேலைக்கு மாறினாங்க. மாறினவங்கள்ல ஒருத்தர் எங்க தெரு அண்ணன். பேர் வேண்டாம். பன்னெண்டு பேர் வேலை பார்க்கற பட்டறை. அவர் பேங்க்குக்கு மாசா மாசம் கொடுக்கற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை எக்ஸெல்ல போட்டுக் கொடுக்கறது நான்தான். அதனாலதான் இந்த விஷயத்துல எனக்கு இவ்வளவு வாய்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாப் பாருங்க. சின்னத் தொழிலுக்கு நடைமுறை மூலதனக் கடன் எவ்வளவுன்னு தீர்மானிக்க 1990களோட ஆரம்பத்துலருந்து நாயக் கமிட்டி விதின்னு ஒண்ணு இருக்கு. வருஷ விற்பனையில நாலுல ஒரு பங்கு நடைமுறைக்கு வேணும்னு எடுத்துக்குவாங்க. அதுல ஐந்துல நாலு பங்கு பேங்க் தரும், மிச்சம் நீங்க. ரெண்டு கோடி விற்பனைன்னா தேவை 50 லட்சம், பேங்க் 40, கைக்காசு 10. நாலுல ஒரு பங்குன்னா என்ன அர்த்தம்? மூணு மாசம். இரும்பு வாங்கி, வேலை முடிச்சு, அனுப்பி, பணம் வர மொத்தம் மூணு மாசம்தான் ஆகும்னு அந்த விதி நம்புது. செய்யறதுக்கு ஒண்ணரை மாசம், பணம் வர ஒண்ணரை மாசம். சட்டமும் அதைத்தான் சொல்லுது. 2006-ம் வருஷச் சட்டப்படி சின்ன நிறுவனத்துக்கு 45 நாளுக்குள்ள பணம் கொடுத்தாகணும். இல்லைன்னா பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி.

நிஜத்துல? அண்ணனோட பெரிய வாடிக்கையாளர், வடக்கத்திய கான்ட்ராக்டர் ஒருத்தர், போன வருஷம் பில்லுக்கு 135 நாள் எடுத்துக்கிட்டார். இப்ப சுத்து மூணு மாசம் இல்லை, ஆறு மாசம். தேவை 50 லட்சம் இல்லை, ஒரு கோடி. (தோராயம்தான். இரும்புக் கடைக்காரர் கடன் தந்தா குறையும். ஆனா சின்னப் பட்டறைக்கு இரும்பு ரொக்கத்துக்குத்தான்.) மிச்ச 50 லட்சம் எங்கேருந்து வரும்? ரெண்டு வட்டிக்கு வெளியில வாங்கணும். மாசம் ஒரு லட்சம், வருஷத்துக்கு 12 லட்சம். பத்து சதவீத லாபம்னு தாராளமா வச்சாலும் வருஷ லாபமே 20 லட்சம்தான். பாதிக்கு மேல வட்டிக்காரர் வீட்டுக்குப் போயிடுது. வேலை பார்த்தது இவர், வெயில்ல நின்னது இவர்.

இன்னும் இருக்கு. பேங்க் 40 லட்சம் லிமிட் கொடுத்திருந்தாலும் எடுக்கக்கூடிய தொகை, அதான் 'டிராயிங் பவர்', மாசா மாசம் மாறும். கையிருப்புச் சரக்கு, வர வேண்டிய பில் ரெண்டையும் கூட்டி மார்ஜினைக் கழிச்சு வர்ற தொகை. அதுல பெரும்பாலும் 90 நாள் தாண்டின பில்லைச் சேர்க்க மாட்டாங்க. நான் எக்ஸெல்ல அந்த வரியை அழிக்கறப்ப எல்லாம் அண்ணன் முகத்தைப் பார்க்க மாட்டேன். பணம் எப்ப ரொம்பத் தேவையோ சரியா அப்பத்தான் எடுக்கக்கூடிய தொகை குறையுது. மழைக்கு முன்னாடி குடையைப் பிடுங்கற கதை. வாங்கினவர் இன்னும் இழுத்தார்னா, எடுத்த தொகை அனுமதிச்ச அளவுக்கு மேலயே தொடர்ந்து 90 நாள் நின்னா, கணக்கு வாராக்கடன். அப்புறம் 2002-ம் வருஷ சர்ஃபேசி சட்டம், அறுபது நாள் நோட்டீஸ், பேப்பர்ல வீட்டு விலாசத்தோட விளம்பரம். கவனிங்க, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவர் ஒருத்தர். டிஃபால்டர் பட்டம் வாங்குறவர் இன்னொருத்தர்.

ஜி.எஸ்.டி. இதைவிட விசேஷம். பில் போட்ட அடுத்த மாசமே 18 சதவீதத்தை அண்ணன் கட்டியாகணும். கைக்கு வராத பணத்துக்கு வரி. வாங்கினவர் அதே வரியைத் தன் கணக்குல வரவு எடுத்துக்குவார். பணம் கொடுக்காம 180 நாள் போனாத்தான் அந்த வரவைத் திருப்பணும். அதாவது சின்னவர் தன் ஓ.டி.யிலருந்து எடுத்துப் பெரியவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கறார். இதுக்கு யாரும் செக்யூரிட்டி கேக்கறதில்லை!

"ஏன், புகார் கொடுக்கலாமே, 2017-லருந்து அதுக்குன்னு சமாதான் தளம் இருக்கே"ன்னு கேப்பீங்க. விற்பனையில முக்கால்வாசி வாங்குற ஒரே ஆள் மேல புகார் கொடுத்துட்டு அடுத்த ஆர்டரை யார்கிட்ட வாங்குறது? 45 நாளுக்குள்ள கொடுக்கலைன்னா வாங்கினவரோட வருமான வரிக் கழிவைத் தள்ளி வைக்கிற விதி ஒண்ணு 2024 ஏப்ரல்லருந்து வந்திருக்கு. நல்ல விதி. ஆனா அந்த வருஷமே, "பதிவு இல்லாத பட்டறையாப் பார்த்துக் கொடுத்துடுவோம்"னு பேச்சு அடிபட்டதுல பதிவு செஞ்சவங்களே பயந்தாங்க.

இப்ப ராக்கெட்டும் பட்டறையும் எங்க சேருதுன்னு சொல்றேன்.

புது எரிபொருள்னா வேதியியல் மட்டும் இல்லை. சோதனை மேடை வேணும், தொட்டி வேணும், குழாய் வேணும், வால்வு தாங்கி வேணும். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. சாதா இரும்பு அந்தக் குளிர்ல கண்ணாடி மாதிரி உடையும், அதனால ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்லைன்னா அலுமினியம். உள்ளே துளி கிரீஸ் இருந்தா ஆக்சிஜன் அதைப் பத்த வச்சுடும், அதனால சுத்தம் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கணும். வெல்டு உள்பக்கம் கருக்காம இருக்க ஆர்கான் ஊதிக்கிட்டே வைக்கணும். ஹீலியம் ஊத்திக் கசிவு பார்க்கணும். இதுல முக்கால்வாசி வேலை உயர் அழுத்த பாய்லர் குழாய் வெல்டருக்குப் புதுசு இல்லை. எக்ஸ்ரே எடுத்துத் தேறுற வெல்டு வைக்கறவங்க இங்க தெருவுக்கு ரெண்டு பேர் இருக்காங்க. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரியில திருச்சியிலதான் தொடங்கி வச்சாங்க. 2025-ல தமிழ்நாடு அரசு விண்வெளித் தொழில் கொள்கை ஒண்ணு கொண்டு வந்துச்சு. குலசேகரப்பட்டினத்துல ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டியாச்சு. ஆக, வேலை இந்தப் பக்கம் வரப்போகுது.

வந்தும் வந்துச்சு. அண்ணனுக்கு ஒரு சின்ன விண்வெளி கம்பெனியிலருந்து சோதனை மேடைக்கான தொட்டி, குழாய் வேலைக்கு ஆர்டர். தொகை 30 லட்சம். கசிவு பார்க்கற கருவி, ஆர்கான் அமைப்பு, தூசி வராம ஒரு அறை, இதுக்கெல்லாம் கடன் கேட்டுப் போனார். நானும் கூடப் போனேன். மேனேஜர் நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார். கேட்டது மூணே கேள்வி. இந்த கம்பெனிக்கு ரேட்டிங் இருக்கா? இல்லை, ஆரம்பிச்சே கொஞ்ச வருஷம்தான். இந்த வேலையில உங்களுக்கு மூணு வருஷ அனுபவம் இருக்கா? இல்லை, இந்தியாவுலயே எத்தனை பேருக்கு இருக்கும்? அடமானம் வைக்க வேற சொத்து? வீடு ஏற்கெனவே அவங்ககிட்டதான் இருக்கு.

"அடமானமில்லாக் கடனுக்கு உத்தரவாத நிதி இருக்கே, 2025 ஏப்ரல்லருந்து பத்து கோடி வரைக்கும் ஏத்தியிருக்காங்களே"ன்னு கேட்டேன். சிரிச்சார். "தம்பி, நிதி பேங்க்குக்குப் பணம் கொடுக்கும். எனக்கு வர்ற மெமோவுக்கு யார் பதில் சொல்றது?"

இந்த ஒரு வாக்கியத்துலதான் மொத்த விஷயமும் இருக்குன்னு எனக்குத் தோணுது. உத்தரவாத நிதி 2000-லருந்து இருக்கு. ஆனா கடன் வாராம போச்சுன்னா அதிகாரி ஏன் கொடுத்தார்னு விசாரணை. கடனே கொடுக்காம அனுப்பிட்டா? அதுக்கு விசாரணை கிடையாது. அடமானம் வாங்கியிருந்தா அவர் மேல பழி குறைவு. அவர் இடத்துல நான் இருந்தாலும் பத்திரத்தைத்தான் கேப்பேன். அதனால மேனேஜரைத் திட்டி எழுதுற பதிவு இல்லை இது. அவரை அப்படி உக்கார வச்சிருக்கற முறையைத்தான் சொல்றேன்.

இங்கதான் ராக்கெட் கம்பெனிக்கும் பட்டறைக்கும் வித்தியாசம். எரிபொருள் வேலை செய்யுமான்னு யாருக்கும் தெரியாது, அது இயற்கை வச்சிருக்கற ரகசியம். அண்ணன் தொட்டி கசியுமான்னு ஒரு மணி நேரத்துல சோதிச்சுச் சொல்லிடலாம். எரிபொருள் தோத்தாலும் தொட்டிக்குப் பணம் வந்தாகணும். இங்க இருக்கற ஆபத்து ஒண்ணே ஒண்ணு, வாங்குறவர் பணம் கொடுப்பாரா, எப்ப கொடுப்பார். உலகத்துல பேங்க்குன்னு ஒண்ணு தோன்றினதே இந்தக் கேள்விக்கு விலை போடத்தான். உண்டியல் காலத்துலருந்து செட்டியார்கள் பார்த்த வேலை இது. அதைத் தட்டிக் கழிச்சுட்டு "எங்களுக்கு ராக்கெட் புரியாது"ன்னா எப்படி? புரிய வேண்டியது ராக்கெட் இல்லை சார், பில்.

பில்லைப் புரிஞ்சுக்க இப்ப எல்லாத் தகவலும் கணினியில இருக்கு, இதை என் தொழில் கண்ணால சொல்றேன். 2024 அக்டோபர்லருந்து ஜி.எஸ்.டி. தளத்துல வர்ற ஒவ்வொரு பில்லையும் வாங்கினவர் ஏத்துக்கலாம், நிராகரிக்கலாம், ஒண்ணும் செய்யலைன்னா ஏத்துக்கிட்டதாவே அர்த்தம். இன்னொரு பக்கம் ட்ரெட்ஸ்னு பில்லை ஏலம் விடுற தளங்கள் 2017 வாக்குல இருந்து ஓடுது. வாங்கினவர் பில்லை ஒத்துக்கிட்டா போதும், பேங்க்குங்க போட்டி போட்டு வட்டி சொல்லி விற்றவருக்கு உடனே பணம் கொடுத்துடும். கடைசியில வாங்கினவர் கொடுக்கலைன்னா விற்றவரைக் கேக்க முடியாது. அற்புதமான ஏற்பாடு. 250 கோடிக்கு மேல விற்பனை உள்ள கம்பெனிங்க 2025 மார்ச்சுக்குள்ள இதுல சேரணும்னு 2024 நவம்பர்ல அறிவிச்சாங்க. சேரணும்னு சொன்னாங்களே தவிர பில்லை ஒத்துக்கணும்னு சொல்லலை. ஜிம்முல பேரு கொடுத்தா போதும், தண்டால் எடுக்க வேண்டியதில்லைங்கற மாதிரி.

என் யோசனை ரொம்ப எளிசு. ஜி.எஸ்.டி.யில ஒரு பில்லுக்கு வரி வரவு எடுத்துக்கிட்டவர், அந்தப் பில்லை ஒத்துக்கிட்டவர்தான். அந்த நிமிஷமே அது ட்ரெட்ஸ்ல ஏத்துக்கொண்ட பில்லாப் போகட்டும். வரிக்கு மட்டும் 'சரக்கு வந்துச்சு', பணத்துக்கு 'இன்னும் பார்க்கலை'ன்னு ரெண்டு நாக்கு கூடாது. ரெண்டு தளத்துக்கும் நடுவுல ஒரு இணைப்பு, நம்ம ஆளுங்க பத்து பேரு உக்காந்தா முடியற வேலை. ஆரம்ப நிலைக் கம்பெனி மாதிரி ரேட்டிங் இல்லாதவங்க பில்லை எந்த பேங்க்கும் ஏலத்துல எடுக்காது, ஒத்துக்கறேன். அங்கதான் அரசு அந்த ஆயிரம் கோடியிலருந்து ஒரு துண்டை எடுத்து, எரிபொருள் கம்பெனிங்க சின்னப் பட்டறைகளுக்குத் தர வேண்டிய பில்லுக்கு மட்டும் உத்தரவாதமா வைக்கணும். கம்பெனி மூழ்கினாலும் தொட்டி செஞ்சவர் மூழ்கக்கூடாது. முதலீட்டுக்காரர் தெரிஞ்சு ஆபத்தை எடுக்கறவர். துவாக்குடி வெல்டர் எடுக்கலை.

அண்ணன் என்ன செஞ்சார்னு கேக்கறீங்களா? அண்ணியோட வளையலும் ஆரமும் நகைக் கடனுக்குப் போச்சு. முக்கால் மணி நேரத்துல கையில பணம், ஒரு கேள்வி கிடையாது, மூணு வருஷ பேலன்ஸ் ஷீட் கிடையாது. கருவியை வாடகைக்கு எடுத்தார். முதல் தொட்டி ஹீலியம் சோதனையில தேறிடுச்சு. பில் போட்டு இன்னிக்கு 71-வது நாள்.

பேங்க்ல வேலை பார்க்கற பதிவர்கள் இங்க ரெண்டு மூணு பேர் இருக்கீங்கன்னு தெரியும். உள்குத்து எதுவும் இல்லை, நிஜமாவே கேக்கறேன். வாங்கினவர் எழுத்துல "இவ்வளவு தரணும்"னு ஒத்துக்கிட்டுக் கடிதம் கொடுத்தா, 90 நாள் தாண்டின பில்லை டிராயிங் பவர்ல சேர்க்க கிளை அளவுலயே ஏதாவது வழி இருக்கா, இல்லை மண்டல அலுவலகம் வரை போகணுமா? இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்த ஸ்டேட்மென்ட் பத்தாம் தேதிக்குள்ள கொடுக்கணும்.